இருநூற்றுப் பதினாலில் இரண்டாவது பிள்ளை

மலர்விழி டீச்சர் சொன்ன செய்தி நாலே வரிதான். அதைக் கேட்டு முடித்ததும் சாலம்மாள் பள்ளிக்கூடத்தை மூன்று முறை சுற்றி வந்தாள். கோபம் வந்தால் சிலர் சத்தம் போடுவார்கள், சிலர் அழுவார்கள். சாலம்மாள் நடப்பாள். கல்யாணமான புதிதில் புருஷன் இருசப்பனோடு சண்டை வந்து நடந்தே கல்வராயன் மலைக்குப் போய், கோபம் தணிந்து திரும்பும்போது ஒரு கூடை கடுக்காயும் பொறுக்கி வந்தவள்.

மலர்விழி சிறப்பாசிரியர். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதற்காக, வியாழக்கிழமை தோறும் கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்கூட்டியில் மேட்டுக்கொல்லைக்கு வருவார். இந்தப் பள்ளியில் அவருக்கு ஒரே ஒரு மாணவி, எட்டாம் வகுப்புப் பாரதி. சாலம்மாளின் மகள்.

மூன்றாவது சுற்று முடிந்து வந்தவளிடம் டீச்சர் மறுபடி சொன்னார்.

"ஒரே பிள்ளைக்காக ஒரு ஸ்கூலுக்குப் போக வேணாம்னு மேல சொல்லிட்டாங்க சாலம்மா. பதிவேட்டுல ரெண்டு பேராவது இருக்கணும். அடுத்த வியாழன் நாலு மணி வரைக்கும்தான் டைம். இல்லன்னா என் வியாழக்கிழமைய மலைக்கு மாத்திடுவாங்க."

"மலையில எத்தினி பேரு?"

"நாப்பது பேருன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. போய்ப் பார்த்தேன். நெஜமா ரெண்டு பேர். மத்ததெல்லாம் நல்ல கெட்டிக்காரப் பசங்க. கப்பல் படத்தைக் காட்டி இது இன்னான்னு கேட்டா, கூரை பிச்சிக்கினு போன வூடுன்னு சொல்றான். அவன் கப்பல எங்க பார்த்தான்? தப்புன்னு போட்டுட்டாங்க. ஒரு எடத்துல எல்லாரையும் எழுதறாங்க, ஒரு எடத்துல யாரையுமே எழுதறதில்ல."

பாரதிக்கு டீச்சர் என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த டிராக்டரில் யாரோ ஏறச் சொன்னார்கள் என்று பாரதி ஏறிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றபோது கரும்புக் கட்டின் உச்சியில் கொட்டாவி விட்டபடி ஒரு பெண் பிள்ளை இருப்பதை, பின்னால் மாட்டுவண்டியில் வந்த பெரியவர்தான் கண்டார். பேர் கேட்டால் சிரித்தாள். ஊர் கேட்டாலும் சிரித்தாள். ஒரு பகல் முழுக்க அலைந்து சாலம்மாள் அவளைக் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம்தான் டீச்சர் வந்தார். இப்போது பாரதி பேர் சொல்வாள், தெரு சொல்வாள், அம்மாவின் போன் நம்பரைப் பாட்டாகப் பாடுவாள். யாராவது வா என்றால், "வரமாட்டேன், எங்கம்மாகிட்ட கேளு" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்வாள். இன்னும் சொல்லித்தர எவ்வளவோ இருக்கிறது. சாலம்மாள் விடிந்தால் கரும்புக் கொல்லைக்குப் போகிறவள். மகளோடு கள்ளக்குறிச்சிக்கு ரெண்டு பஸ் மாறி வாராவாரம் போக அவளால் ஆகாது.

"டீச்சர், இந்த மாதிரி பிள்ளைங்க பொதுவா எத்தினி இருக்கும்?"

"நூறு பேர்ல ஒண்ணு ரெண்டு. சில எடத்துல மூணுகூட இருக்கும்னு சொல்றாங்க. அதுல முக்காவாசிக்கு மேல லேசானதுதான். பாரதிக்குத் தெரியற மாதிரி பார்த்ததும் தெரியாது."

சாலம்மாள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் இந்தக் கணக்கு அவளுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் இருநூற்றுப் பதினாலு பிள்ளைகள். "அப்ப இங்க மூணு நாலு இருக்கணுமே. மீதி எங்க போச்சி?"

அதைத் தலைமையாசிரியர் இளஞ்செழியனிடம் கேட்கலாம் என்று டீச்சர் சொன்னார். சாலம்மாள் உடனே போய்க் கேட்டாள்.

இளஞ்செழியன் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடம் சுத்தமாக இருக்க வேண்டும், பதிவேடு அதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கொள்கை. அடித்தல் திருத்தல் ஆகாது. ஒருமுறை சத்துணவுப் பதிவேட்டில் கரப்பான் பூச்சி ஒன்று நசுங்கிவிட்டது. அதைச் சுற்றி வட்டம் போட்டு, தேதியோடு சுருக்கொப்பம் வைத்தவர்.

"நம்ம ஸ்கூல்ல அதெல்லாம் கெடையாதும்மா. ஒண்ணே ஒண்ணு, உன் பொண்ணு. அதுவும் டாக்டர் சர்ட்டிபிகேட்டோட வந்துட்டதால எழுதினேன். மத்தபடி நில்."

"நில்லுன்னா?"

"பூஜ்யம்."

"எப்படி சார் பூஜ்யம் வரும்? கணக்கெடுக்க வர்ற அன்னிக்கு மந்தமா இருக்கற பிள்ளைங்களுக்கு நீங்கதான் லீவு வுட்டுடறிங்களே."

"ரெஸ்ட் எடுக்கட்டும்னு வுடறேன்" என்றார் இளஞ்செழியன், கண் இமைக்காமல்.

அன்று சாயந்திரமே சாலம்மாள் தேட ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே சோதனை, பாரதியிடம் பார்த்தது. மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் பாரதி முதல் வேலையைச் செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவாள். எனவே சாலம்மாள் வீடு வீடாகப் போய், கண்ணில் பட்ட பிள்ளையிடமெல்லாம் சொன்னாள்: "கோழிக்கூட்டச் சாத்து, சொம்புல தண்ணி எடுத்தா, சாலம்மா வந்திருக்கான்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

மூன்று நாளில் எழுபத்தாறு பிள்ளைகளைச் சோதித்தாள். ஐம்பது தேறவில்லை. சோதனைக்கு முன்னும் பின்னும் கூடுகள் திறந்து திறந்து சாத்தப்பட்டதில் மேட்டுக்கொல்லைக் கோழிகளுக்கு நேரம் குழம்பிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு சேவல் கூவ, டீக்கடை பிச்சைமுத்து திடுக்கிட்டு எழுந்து, அன்றைக்கு இரண்டாவது முறையாகக் கடை திறந்தார். வியாபாரமும் ஆனது.

இருசப்பனையும் விடவில்லை. தண்ணீரை எடுத்தான், அவனே குடித்தான், துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். தலைமையாசிரியரிடம் மூன்று வேலை சொன்னதற்கு, எழுத்து மூலமாகத் தரச் சொன்னார்.

"இன்னா சாலம்மா, கட்சிக்கு ஆள் புடிக்கிறியா?" என்றார் பிச்சைமுத்து.

"கட்சிக்கு ஆள் தானா வரும்ணே. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்."

"என் வூட்ல ரெண்டு கீது. கூட்டிகினு போ. சோத்துக்கு மட்டும் நீ பாத்துக்க."

எல்லோரும் இப்படிச் சிரிக்கவில்லை. மேலத் தெருச் சின்னக்கண்ணு, தன் மகன் கூட்டைச் சாத்த மறந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், வாசலுக்கு வந்து சொன்னாள்: "உம் பொண்ணு அப்படின்னா ஊரு பிள்ளைங்க எல்லாம் அப்படி இருக்கணுமா? நல்ல ஆசைடி உனக்கு." கதவைச் சாத்திவிட்டாள்.

சாலம்மாள் அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏரிக்கரைக்குப் போய் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தாள். நடந்துகொண்டே டீச்சருக்குப் போன் போட்டாள்.

"அப்படிப் பார்க்கக்கூடாது சாலம்மா" என்றார் மலர்விழி. "மறதி வேற, சேட்டை வேற. இந்தப் பிள்ளைங்க தொந்தரவு பண்ணமாட்டாங்க. கடைசி பெஞ்சிலதான் இருப்பாங்கன்னு இல்ல, நடுவுலயே உக்காந்திருப்பாங்க. எல்லாரும் சிரிச்சா சிரிப்பாங்க, எல்லாரும் எழுதினா எழுதுவாங்க. வாத்தியாருக்கு அவங்க பேர்கூட சட்டுனு ஞாபகம் வராது."

"அப்ப நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"நீங்க கண்டுபிடிக்க வேணாம். அது ஸ்கூல் வேலை."

ஸ்கூல் அந்த வேலையைச் செய்யும் லட்சணம் சாலம்மாளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வேறு முடிவுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை வடக்கனந்தலில் மனு வாங்கும் முகாம். டீச்சரை மாற்றாதீர்கள் என்று ஒரு மனு கொடுத்துவிடலாம்.

மேட்டுக்கொல்லையில் மனு என்றால் அபிநயா.

அபிநயா செல்லமுத்துவின் ஒரே மகள். ஏழாம் வகுப்பு. செல்லமுத்துவுக்கு நாலு ஏக்கர் கரும்பு. சாலம்மாள் தோகை உரிப்பதும் வெட்டுவதும் அந்தக் கொல்லையில்தான். அபிநயாவின் கையெழுத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் கேள்விப்படாதவர்கள் கிடையாது. கோடு போடாத தாளில் எழுதினாலும் வரி ஒரு நூல் இறங்காது. நைனார்பாளையத்தில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒருவர், அவள் எழுதிய 'அ'வை ஒருதரம் பார்த்துவிட்டு, தூரிகைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்து இரண்டு கறவை மாடு வாங்கினார். நன்றாக இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும் இளஞ்செழியன் முதலில் நீட்டுவது அபிநயாவின் நோட்டைத்தான். வருகிறவர்கள் நோட்டைப் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

ஒன்றரை வருஷமாக ஊர் மனு எல்லாம் அவள் எழுதியதுதான். அந்த எழுத்துக்கு ஒரு ராசி இருந்தது. மனு கொடுத்த மூன்றாம் மாதம் கட்டாயம் ஒரு தெருவிளக்கு வந்துவிடும். பட்டா கேட்ட பழனிக்கு விளக்கு வந்தது. அடிபம்பு ரிப்பேர் கேட்டவருக்கு விளக்கு வந்தது. பென்ஷன் கேட்ட இரண்டு கிழவர்களுக்கு ஆளுக்கொரு விளக்கு. ஊர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கவர்மென்ட் ஒரு வரிசைப்படிதான் கொடுக்கும், முதலில் விளக்கு, மற்றதெல்லாம் அப்புறம் என்று புரிந்துகொண்டது. நூற்று நாற்பது அடி நீளமுள்ள கிழக்குத் தெருவில் பத்தொன்பது விளக்கு எரிகிறது. நம்பாதவர்கள் எண்ணிக்கொள்ளலாம். மலையிலிருந்து விட்டில்கள் குடும்பத்தோடு இறங்கி வந்தன. அந்தத் தெருவில் பந்தல் போட்ட புடலங்காய் ராத்திரியும் வளர்ந்து, அண்டை வீட்டு ஜன்னலுக்குள் போய்விட்டது.

சாலம்மாள் செல்லமுத்து வீட்டுத் தோட்டத்துப் பக்கம் போனாள். அபிநயா கிணற்றடியில் பலகை மேல் உட்கார்ந்திருந்தாள். செல்லமுத்துவின் மனைவி லட்சுமியம்மாள் சமையற்கட்டு வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, மலர்விழி டீச்சர மாத்த வேணாம், எம் பொண்ணு இப்பதான் தேறிகினு வருதுன்னு எழுதணும்."

"சரிங்க."

"வியாழக்கிழமைதான் கடைசின்னும் எழுது."

"சரிங்க."

அபிநயா ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து மடிப்பு மடிப்பாகப் பழசாகிப்போன தாள் ஒன்றை எடுத்து இடது பக்கம் வைத்தாள். வலது பக்கம் புதுத் தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் எழுதினாள். பேர் வருகிற இடத்தில் சாலம்மாளின் ஆதார் கார்டை வாங்கி வைத்துப் பார்த்து எழுதினாள். மனுவுக்கு ஏதோ முறை இருக்கும், அதைப் பார்க்கிறாள் என்று சாலம்மாள் நினைத்தாள். லட்சுமியம்மாள் வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டாள், ஆனாலும் உள்ளே போகவில்லை. மகள் பேனாவை மூடுகிற வரை அங்கேயே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். மனுக்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த பையன் சட்டைப்பையில் பிரவீன்குமார் என்று அட்டை குத்தியிருந்தது. சாலம்மாள் கொடுத்த தாளை வாங்கியதும் அவன் முகம் மலர்ந்தது.

"மேட்டுக்கொல்லையாம்மா? எழுத்தப் பார்த்ததுமே தெரியும். இன்னா, மறுபடியும் லைட்டா?"

"லைட்டு இல்லிங்க. டீச்சரு."

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். படித்துக் காட்டினான். "எங்கள் தெருவில் விளக்கு இல்லாததால் பிள்ளைகளும் பெரியோர்களும் மிகவும் சிரமப்படுகிறோம். ஐயா அவர்கள் கருணைகூர்ந்து எங்கள் தெருவில் ஒரு மின்விளக்கு அமைத்துத் தருமாறு..."

"வேற யாருதோ எடுத்துப் படிக்கிறிங்க."

"உன் பேருதாம்மா போட்டிருக்குது. சாலம்மாள், கணவர் பெயர் இருசப்பன். இதே எழுத்துல, இதே வார்த்தையில, இது இருபதாவது மனு. உங்க ஊர்ல அவ்ளோ இருட்டா?"

சாலம்மாள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வெளியே வந்தாள். பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஏறவில்லை, நடந்தாள். மேட்டுக்கொல்லை ஏழு கிலோமீட்டர். அந்தப் பஸ் வழியில் இரண்டு முறை அவளை முந்தியது, மூன்று முறை அவள் பஸ்ஸை முந்தினாள். கண்டக்டர் இதை இன்றைக்கும் சொல்வார், ஆனால் காரணம் அவருக்குத் தெரியாது.

முதல் மனு, செல்லமுத்து கிழக்குத் தெருவில் தன் வீட்டு வாசலுக்கு விளக்குக் கேட்டுக் கொடுத்தது. இளஞ்செழியன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மகள் அழகாக எழுதினாள். ஊர் மெச்சியது. அடுத்த ஆள் வந்து பட்டா என்றார், அவள் சரிங்க என்றாள். அதற்கப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும் சரிங்க. அந்த ஒரே தாள். படிக்கத் தெரியாதவர்கள் அழகைப் பார்த்தார்கள். படிக்கத் தெரிந்தவர்களும் அழகைத்தான் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் சாலம்மாள் அபிநயாவை நிறுத்தினாள்.

"கண்ணு, இதுல இன்னா எழுதியிருக்குது?"

அபிநயா தாளை வாங்கி, சுருக்கத்தை நீவிவிட்டாள். "எழுத்துங்க."

"இன்னா எழுத்து?"

"பதினோரு வரிங்க." சுருக்கத்தை இன்னொருதரம் நீவி, "நல்லா இல்லிங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குது."

"கசங்கிப்போச்சி. வேற எழுதித் தரேன். அப்பாகிட்ட சொல்லாதிங்க."

மூன்று வேலைச் சோதனை எதுவும் சாலம்மாள் வைக்கவில்லை. தாளை அவளிடமே விட்டுவிட்டு வந்தாள்.

போனில் மலர்விழி அவசரப்படவில்லை. "படிக்க வரலன்னா அது வேற பிரச்சினையாவும் இருக்கலாம் சாலம்மா. எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளைங்க இருக்காங்க, மூளை பளிச்சுன்னு இருக்கும். பார்த்தாதான் தெரியும். நான் பார்க்கணும்னா அம்மா இல்ல அப்பா யாராவது ஒருத்தர் கையெழுத்து வேணும்."

"நான் கேக்கறன்."

"நீங்க கேக்கவேணாம். நீங்க அவங்க கொல்லைக்கு வேலைக்குப் போறவங்க."

"வேற யாரு டீச்சர் கேப்பாங்க? ஹெட்மாஸ்டரா?"



அன்று ராத்திரி முழுக்கச் சாலம்மாளுக்கு ஒரே கேள்விதான். அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது எனக்கு ஒன்று தேவைப்படுவதால் என் கண்ணுக்குத் தெரிகிறதா? சின்னக்கண்ணுவின் கதவு மனசுக்குள் சாத்திச் சாத்தித் திறந்தது. சோறு வைத்தாள், இறக்க மறந்தாள். இருசப்பன் கரிந்த சோற்றைத் தின்றுவிட்டு, "இன்னா இன்னிக்கு ருசி கம்மி" என்று மட்டும் கேட்டான்.

புதன்கிழமை காலை மோட்டார் கொட்டகைப் பக்கம் செல்லமுத்து வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வா சாலம்மா. நாளைக்குத் தோகை உரிக்க ஆறு பேர் வேணும். சொல்லிடு."

"ஐயா, அபிநயாவப் பத்தி ஒண்ணு பேசணும்."

சொன்னாள். மனுவைச் சொன்னாள், இருபதைச் சொன்னாள், டீச்சரைச் சொன்னாள். செல்லமுத்து முதலில் சிரித்தார். பிறகு மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தள்ளினார். சேறு போன பிறகும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு எழுத்த ஆபீசருங்க போட்டோ புடிச்சிகினு போறாங்க. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"உம் பொண்ணுக்கு ஒரு தொணை வேணும். அதுக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா?"

"தொணை வேணுங்க. இல்லன்னு சொல்லல. வேணும்னுதான் தேடினேன். ஆனா இது நான் தேடும்போது ஆப்டது இல்லிங்க. மனு எழுதப் போகும்போது ஆப்டது." அவளுக்குக் கால் பரபரத்தது. நகராமல் நின்றாள். "அது யாரையும் திருப்பி ஒரு வார்த்த கேக்கறதில்லிங்க ஐயா. இன்னா எழுதணும்னுகூட கேக்கறதில்ல. கேட்டா தெரிஞ்சிடும்னு பயப்படுது."

"நாளைலருந்து வேலைக்கு வராத."

"சரிங்க."

வரப்பில் சோற்றுத் தூக்கோடு லட்சுமியம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. தூக்கைக் கொட்டகைச் சுவரில் மாட்டினாள்.

"சின்னசேலம் பள்ளிக்கூடத்துலருந்து ஏன் கூட்டியாந்தோம்னு அவகிட்ட சொல்றதுதான?"

"வேன் ஒத்துக்கல. வாந்தி" என்றார் செல்லமுத்து.

"வேன் ஒத்துக்கல" என்றாள் லட்சுமியம்மாள், அதே வார்த்தையை. பிறகு வந்த வழியே போய்விட்டாள்.

வியாழக்கிழமை. வேலை இல்லாததால் சாலம்மாள் காலை ஒன்பதுக்கே பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டாள். கேட்டிலிருந்து வேப்பமரம் வரை, வேப்பமரத்திலிருந்து கேட் வரை. மத்தியானத்துக்குள் அந்த வழியில் புல் படுத்துவிட்டது. மலர்விழி இரண்டு முறை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். பாரதி ஜன்னல் வழியாக, "அம்மா, உள்ள வாம்மா, தலை சுத்துது" என்றாள். யாருக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லவில்லை.

ஒரு மணி. ஒன்றரை.

இரண்டு மணிக்கு லட்சுமியம்மாள் வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கேட்டில் சாலம்மாளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய், ஏழாம் வகுப்பு வாசலில் நின்று மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, மலர்விழியின் அறைக்குப் போனாள். தலைமையாசிரியர் பதறி ஓடிவந்தார்.

"அம்மா, இது வேற ரூம்மா. அபிநயா நோட்டு பீரோவுல வெச்சிருக்கேன், அத..."

"நோட்டு வேணாம் சார். பொண்ணப் பார்க்கச் சொல்லத்தான் வந்தேன்."

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. கட்டைகள், படங்கள், கேள்விகள். சாலம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நேற்று என்ன கிழமை என்பது அபிநயாவுக்கு வரவில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன ஒற்றுமை என்றால், "ஆடு" என்றாள். கதை ஒன்று சொல்லி, ஏன் அந்தப் பையன் அழுதான் என்று கேட்டால், மலர்விழியின் முகத்தைப் பார்த்து, அங்கே பதில் இருக்கிற மாதிரி காத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் லட்சுமியம்மாளின் உதடு அசைந்தது. எடுத்துக்கொடுக்கவில்லை, பாவம், அசைந்தது அவ்வளவுதான். கடைசியில் சேர்ந்தாற்போல நாலு படத்தைக் காட்டி, இதை வரிசையாக அடுக்கு, தப்பாகப் போனால் பரவாயில்லை, திருப்பி அடுக்கலாம் என்றார் டீச்சர். தப்பாகப் போனால் பரவாயில்லை என்று அபிநயாவிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்.

"இது முதல் பார்வைதாங்க" என்றார் மலர்விழி. "கள்ளக்குறிச்சியில டாக்டருங்க பார்த்துத்தான் உறுதியா சொல்வாங்க. லேசானதா இருக்கும்னு எனக்குத் தோணுது. சொல்லிக்குடுத்தா நெறய வரும். அவ வேகத்துல வரும். இன்னிக்குப் பேர எழுதிக்கலாமா?"

"இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தினி பேரு இப்படி?"

"இருக்கறது மூணு நாலு இருக்கும். தெரிஞ்சது ரெண்டு."

லட்சுமியம்மாள் பதிவேட்டைப் பார்த்தாள். முதல் வரியில் பாரதி.

"எம் பொண்ண ரெண்டாவதா எழுதாதிங்க."

"ஏங்க?"

"மூணாவதா எழுதுங்க. சாலம்மா பொண்ணும் எம் பொண்ணும் அடுத்தடுத்து இருந்தா ஊரு ஜோடி சேர்த்துப் பேசும். நடுவுல ஒரு ஆளு இருக்கட்டும்."

ஜன்னலுக்கு வெளியே சாலம்மாளுக்கு அது கேட்டது. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் பார்வை டீச்சரின் பேனாமேல் இருந்தது. பேனா ஒரு வரியைத் தாண்டி இறங்கி, மூன்றாவது வரியில் அபிநயா என்று எழுதியது. லட்சுமியம்மாள் கையெழுத்துப் போட்டாள். மணி மூன்று பத்து.

இளஞ்செழியனைக் கூப்பிட்டார்கள். விரல் எங்கே காட்டுகிறதோ அங்கே கையெழுத்துப் போட்டுப் பழகியவர், டீச்சர் விரல் காட்டிய இடத்தில் போட்டார். முத்திரையும் குத்தினார். மை காய ஊதும்போதுதான் கண் மேலே போனது.

"ரெண்டாவது வரி எங்க?"

"காலியா இருக்குது சார்."

"காலியா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "காலி வரிக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா?"

"ஒரு கோடு போட்டு அடிச்சிடலாம் சார்."

இளஞ்செழியன் டீச்சரைப் பார்த்த பார்வை, சொந்த வீட்டுக்குத் தீ வைக்கலாமா என்று கேட்டவரைப் பார்க்கிற பார்வை. வராந்தாவுக்குப் போனார், வந்தார். பதிவேட்டை மூடினார், திறந்தார். வரி காலியாகவே இருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பின்பு யாரையும் பார்க்காமல், சுவரில் இருந்த கால அட்டவணையிடம் சொன்னார்:

"நாலாங்கிளாஸ்ல இலக்கியான்னு ஒரு பொண்ணு இருக்குது."

"இன்னிக்கு வந்திருக்காளா சார்?"

"லீவு குடுத்திருக்கேன்."

"ஏன் சார்?"

"நீங்க வர்ற நாளாச்சே." கால அட்டவணையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னும் ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கேன். அத அப்புறம் பார்க்கலாம். முதல்ல இந்த வரி."

"வரிக்காக எழுதமாட்டேன் சார். பிள்ளையப் பார்த்துட்டு, பெத்தவங்ககிட்ட பேசிட்டுத்தான் எழுதுவேன்."

"பாருங்க. யார் வேணாம்னது? இதோ கூட்டியாரேன்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றுவிட்டார். டீச்சரைப் போல அவரும் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து போகிறவர், இலக்கியாவின் வீடு எந்தத் தெரு என்று தெரியாது. சாலம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்கு வேண்டிய இரண்டு பேர் பதிவேட்டில் சேர்ந்தாயிற்று, டீச்சரின் வியாழக்கிழமை இங்கேயே நிலைத்துவிட்டது. வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"என் பின்னாலயே வாங்க சார்."

கேட்டுக்கு வெளியே செல்லமுத்து வண்டியை அணைக்காமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது, புகை வேலிக்கு அந்தப் பக்கம் வரை போயிருந்தது. சாலம்மாள் கடக்கும்போது ஹேண்டில்பாரைப் பார்த்தபடி கேட்டார்.

"உள்ள இன்னா பண்றா?"

"படம் அடுக்குதுங்க. தப்பா அடுக்கிட்டு சிரிக்குது."

"சிரிக்கிறாளா."

அவர் வண்டியை அணைத்தார்.

சாலம்மாள் நிற்கவில்லை. மேலத் தெருவைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள். பின்னால் முதல் கியரில் உறுமிக்கொண்டே இளஞ்செழியன் வந்தார்.

"ஏம்மா, அந்தப் புள்ள வரமாட்டேன்னு சொன்னா?"

"வரும் சார்" என்றாள் சாலம்மாள் திரும்பாமல். "லீவுன்னு நீங்கதான சொன்னிங்க? லீவு இல்லன்னு நீங்களே வாசல்ல நின்னு சொல்லுங்க."